அச்சுக்கும் இணையத்துக்கும் நிறம் பிசகாத மானிட்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை

வரைகலைப் பணியில் இருப்பவர் நாள் முழுவதும் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை, கண்ணெதிரே இருக்கும் திரை உண்மையைக் காட்டுகிறது என்ற நம்பிக்கையில் எடுக்கப்படுபவை. அரக்கு நிறப் பட்டுப்புடவையின் படத்தைத் திருத்துபவருக்குச் சிவப்பு சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால் அவர் அதைக் குறைப்பார். அந்தத் தூக்கல் படத்தில் இல்லாமல் திரையில் இருந்திருந்தால், சரியாக இருந்த கோப்பைத் தம் கையாலேயே கெடுத்துவிடுகிறார். அதே திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அந்தப் பிழை அவர் கண்ணில் படாது. வாடிக்கையாளரின் கைபேசியிலோ, சிவகாசியில் அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்திறங்கிய நாட்காட்டியிலோதான் அது வெளிப்படும், அப்போது திருத்த வழியிருக்காது. ஆகவே மானிட்டர் வாங்குவதை வரைகலைப் பணியாளர் ஓர் அளவுகருவி வாங்குவதாகவே கருத வேண்டும்.

கடையில் வரிசையாக வைத்திருக்கும் மானிட்டர்களில் நம் கண் முதலில் நாடுவது மிகுந்த வெளிச்சமும் அடர்ந்த நிறமும் கொண்டதையே. தயாரிப்பாளர்கள் இதை அறிந்தவர்கள் என்பதால், பல மானிட்டர்கள் நீலம் தோய்ந்த வெண்மையோடும் கூட்டிவைத்த வெளிச்சத்தோடுமே பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. நாம் கேட்க வேண்டியவை வேறு கேள்விகள். கோப்பில் உள்ள எண்ணுக்கு உரிய நிறத்தை இந்தத் திரை காட்டுகிறதா? காட்டாவிட்டால், அளந்து திருத்த இடம் தருகிறதா? திருத்திய நிலை சில வாரங்களுக்காவது மாறாமல் நிற்குமா? இவற்றுக்கு விடை தரும் விவரங்களை விளம்பரத் தாளிலிருந்து பிரித்தெடுக்கத் தெரிந்தவருக்கு, அதில் உள்ள மற்ற எண்களில் பெரும்பகுதி தேவைப்படாது.

கோப்பு போய்ச் சேரும் இடம்

மானிட்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன், நம் கோப்புகள் இறுதியில் எங்கே பார்க்கப்படுகின்றன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இணையதளங்கள், சமூக ஊடகப் பதாகைகள், இணையவழி விற்பனைக்கான பொருள்களின் படங்கள் ஆகியவற்றைச் செய்பவருக்கு எஸ்ஆர்ஜிபி என்ற நிறவெளியே, அதாவது கோப்பின் எண்கள் குறிக்கும் நிறங்களின் வரையறுத்த தொகுப்பே, அடிப்படை. ஹெச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996-இல் சேர்ந்து முன்வைத்து, 1999-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலையாக ஏற்கப்பட்ட அந்த நிறவெளிதான், ப்ரொஃபைல் (எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கின்றன என்று சொல்லும் சிறு கோப்பு) இணைக்கப்படாத படங்களுக்கு உலாவிகள் பொதுவாக எடுத்துக்கொள்ளும் பொருளாக இன்றும் இருக்கிறது. இத்தகைய பணிகளுக்கு எஸ்ஆர்ஜிபியை ஏறக்குறைய முழுமையாக மூடும், அதாவது அதன் நிறங்களில் ஏறக்குறைய அனைத்தையும் காட்டும் மானிட்டர் போதும். அதற்கு மேற்பட்ட நிற வீச்சுக்குக் கொடுக்கும் பணத்தை, பின்னால் சொல்லவிருக்கும் அளவுகருவிக்கு ஒதுக்குவது எவ்வளவோ பயனுள்ளது.

ஆஃப்செட் அச்சுக்குக் கோப்பு தயாரிப்பவரின் நிலை வேறு. நல்ல பூச்சுத்தாளில் அச்சாகும் சயான் மையின் நிறமும், அதை ஒட்டிய நீலப்பச்சைகளும் எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கு வெளியே விழுகின்றன. அதாவது, அச்சு இயந்திரத்தால் காகிதத்தில் கொண்டுவர முடிகிற சில நிறங்களைச் சாதாரண மானிட்டரால் காட்டவே முடியாது. 1998-இல் வெளியான அடோபி ஆர்ஜிபி நிறவெளி பச்சைப் பக்கமாக விரிந்திருப்பதால் இந்தக் குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறது. கடற்கரைச் சுற்றுலா விளம்பரங்கள், மயில்நீலம், ஆழ்ந்த கடல்பச்சை போன்ற நிறங்கள் நிரம்பிய துணிக்கடைப் பட்டியல்கள், தரமான கலைநூல்கள் ஆகியவற்றைச் செய்பவர் அடோபி ஆர்ஜிபியில் 98 விழுக்காட்டுக்குக் குறையாமல் மூடும் மானிட்டரைத் தேடுவது நியாயம். அதே அச்சுத் துறையில் இருந்தாலும், பெரும்பாலும் எழுத்தும் எளிய பின்னணிகளும் கொண்ட அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் செய்பவருக்கு அந்த அவசியம் இல்லை. மஞ்சள், குங்குமச் சிவப்பு, பழுப்பு, மனிதத் தோலின் நிறங்கள் என்று அவர் அன்றாடம் கையாளுபவற்றில் மிகப் பெரும்பகுதி எஸ்ஆர்ஜிபிக்குள்ளேயே அடங்கிவிடும்.

திரைப்படம், காணொளி, புதிய கைபேசிச் செயலிகள் ஆகியவற்றுக்கு வேலை செய்பவர்கள் பி3 என்ற நிறவெளியைச் சந்திப்பார்கள். டிஜிட்டல் திரையரங்குகளுக்காக வகுக்கப்பட்ட டிசிஐ-பி3-இன் அடிப்படை நிறங்களை எடுத்துக்கொண்டு, வெண்மையைக் கணினித் திரைக்கு ஏற்றவாறு மாற்றி ஆப்பிள் நிறுவனம் அமைத்த டிஸ்பிளே பி3 இப்போது பரவலாகிவிட்டது. பி3 சிவப்புப் பக்கம் கூடுதலாக விரிகிறது. அடோபி ஆர்ஜிபி பச்சை, நீலப்பச்சைப் பக்கம் கூடுதலாக விரிகிறது. ஒன்றை முழுமையாக மூடும் மானிட்டர் மற்றொன்றையும் அப்படியே மூடும் என்று எண்ணிவிடக் கூடாது. அச்சுக்கான மானிட்டரைத் தேடிச் சென்றவருக்கு, ‘98 விழுக்காடு பி3’ என்று எழுதிய பெட்டியைக் காட்டி அதுவும் இதுவும் ஒன்றுதான் என்று விற்பனையாளர் சொன்னால் ஏற்கத் தேவையில்லை.

விழுக்காடுகளைப் படிப்பதிலும் விழிப்பு வேண்டும். ஒரு நிறவெளியை ‘மூடுவது’ வேறு, அதோடு ஒப்பிடும்போது பரப்பில் ‘பெரிதாக இருப்பது’ வேறு. 125 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி என்று அச்சிடப்பட்டிருந்தால் அது பரப்பளவைத்தான் குறிக்கிறது. நூற்றுக்கு மேல் மூட முடியாது என்பது எளிய கணக்கு. அப்படிப்பட்ட திரை சிவப்புப் பக்கம் வெகுதூரம் விரிந்து, நீலப் பக்கம் எஸ்ஆர்ஜிபியின் ஒரு மூலையை விட்டுவைத்திருக்கவும் கூடும். சில விவரத் தாள்கள் 1953-ஆம் ஆண்டின் என்டிஎஸ்சி தொலைக்காட்சி நிறவெளியை இன்னும் அளவுகோலாக வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கில் 72 விழுக்காடு என்றால் பரப்பில் சுமார் ஓர் எஸ்ஆர்ஜிபி. விலை குறைந்த மடிக்கணினிகளில் காணும் 45 விழுக்காடு என்றால், சிவப்பு செங்கல் நிறமாகவே தெரியும் அளவுக்குச் சுருங்கிய திரை. 45 என்ற அந்த எண்ணைக் கண்டால், நிறம் சார்ந்த எந்த வேலைக்கும் அந்தத் திரையைக் கருத வேண்டாம்.

விரிந்த நிற வீச்சு எப்போதும் நன்மை என்ற எண்ணத்தையும் இங்கேயே விலக்கிவிட வேண்டும். நிற மேலாண்மை (கோப்பின் எண்ணைத் திரையின் குணத்துக்கேற்ப மாற்றித் தருவது) இல்லாத மென்பொருள், கோப்பில் உள்ள எண்ணை அப்படியே திரைக்கு அனுப்பிவிடும். விரிந்த வீச்சுள்ள திரை அந்த எண்ணைத் தன் சொந்தச் சிவப்பாகவும் தன் சொந்தப் பச்சையாகவும் எடுத்துக்கொள்வதால், எஸ்ஆர்ஜிபிக்காகச் செய்யப்பட்ட படத்தில் முகங்கள் தக்காளிச் சிவப்பாகவும் புல்வெளி கண் கூசும் பச்சையாகவும் தெரியும். இத்தகைய மானிட்டரை வாங்குபவர், அதில் நம்பகமான எஸ்ஆர்ஜிபி நிலை ஒன்று இருக்கிறதா, அந்த நிலைக்கு மாறிய பிறகும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்பதை விசாரிக்க வேண்டும். சில மாதிரிகளில் எஸ்ஆர்ஜிபி நிலையைத் தேர்ந்ததும் வெளிச்சக் கட்டுப்பாடு பூட்டப்பட்டுவிடுகிறது. விமர்சனங்களில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இந்தச் செய்தி, அன்றாட வேலையில் பெரும் தொல்லையாக மாறக்கூடியது.

பேனல், பிட், அளவு

திரையில் படத்தை உருவாக்கும் தகடான பேனலின் வகைகளில் வரைகலைக்கு இன்றும் முதல் தேர்வு ஐபிஎஸ். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும், தலையைச் சற்று உயர்த்தித் தாழ்த்தினாலும் அதில் நிறம் பெரிதாக மாறுவதில்லை. டிஎன் பேனலில் ஒரே சாம்பல் நிறம் திரையின் மேற்புறம் கருமையாகவும் கீழ்ப்புறம் வெளிறியும் தெரியும் என்பதால் அது இந்தப் பணிக்கு உதவாது. விஏ பேனலின் கருமை ஆழமானது. ஆனால் கோணம் மாறினால் நிழற்பகுதிகளின் அடர்த்தி மாறிவிடுகிறது. எல்லாப் பெட்டிகளிலும் 178 டிகிரி என்று அச்சிட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். வழக்கமாக அந்த எண், காண்ட்ராஸ்ட் (வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 10:1-க்குக் கீழே இறங்காத கோணத்தைச் சொல்கிறது. நிறம் மாறாமல் இருக்கிறதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஐபிஎஸ் பேனலின் காண்ட்ராஸ்ட் பொதுவாக 1000:1 அளவில்தான் இருக்கும். காகித அச்சின் காண்ட்ராஸ்ட் அதைவிட மிகக் குறைவு என்பதால், அச்சுப் பணிக்கு இது ஒரு குறையே அல்ல.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளின் கருமை ஒப்பற்றது. காணொளியில் நிறம் தீர்மானிப்பவர்கள் அவற்றை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் நாள்தோறும் பல மணி நேரம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் கருவிப்பட்டைகளைக் கொண்ட வரைகலை மென்பொருளில் பணிபுரிபவருக்கு, அந்தப் பட்டைகளின் தடம் திரையில் நிரந்தரமாகப் பதியும் ஆபத்து உண்டு. வெள்ளைப் பக்கம் முழுத்திரையை நிரப்பும்போது வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் பழக்கமும் அவற்றில் பலவற்றுக்கு உண்டு. பக்க வடிவமைப்பும் அச்சுத் தயாரிப்புமே முதன்மையான பணி என்றால், இப்போதைக்கு ஐபிஎஸ் பக்கமே என் பரிந்துரை.

ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை படிகள் என்பதைப் பிட் எண்ணிக்கை சொல்கிறது. 8 பிட் என்றால் நிறத்துக்கு 256 படிகள், மொத்தம் சுமார் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள்; 10 பிட் என்றால் 1024 படிகள், சுமார் 107 கோடி நிறங்கள். விலை குறைந்த பேனல்கள் உண்மையில் 6 பிட்டாக, 64 படிகளோடு இருந்துகொண்டு, இரு படிகளை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி இடைநிறத்தைத் தோற்றுவிக்கும் எஃப்ஆர்சி என்ற உத்தியால் 8 பிட் என்று விற்கப்படுகின்றன. இவற்றைத் தவிர்ப்பது நல்லது. அதே உத்தி 8 பிட்டிலிருந்து 10 பிட்டுக்கு உயர்த்தப் பயன்படும்போது கண்ணால் வேறுபாடு காண்பது அரிது. எனவே ‘8 பிட்டும் எஃப்ஆர்சியும்’ என்று நேர்மையாக எழுதியிருக்கும் மானிட்டரை அஞ்ச வேண்டியதில்லை. எஸ்ஆர்ஜிபிக்குள் வேலை செய்பவருக்கு உண்மையான 8 பிட் போதுமானது. நிற வீச்சு விரியும்போது அதே 256 படிகள் அதிக தூரத்துக்குப் பரவ வேண்டியிருப்பதால், அடோபி ஆர்ஜிபி, பி3 திரைகளில்தான் 10 பிட்டின் பயன் கண்ணுக்குத் தெரியும்.

அளவைப் பொறுத்தவரை, 24 அங்குலத்தில் 1920×1200, 27 அங்குலத்தில் 2560×1440 ஆகிய இரண்டும் இன்றும் நல்ல தேர்வுகள். 27 அங்குலத்தில் 3840×2160 என்பது அங்குலத்துக்குச் சுமார் 163 புள்ளிகளைத் தருவதால் தமிழ் எழுத்துருக்களின் சுழிகளும் வளைவுகளும் காகிதத்தில் போலவே கூர்மையாகத் தெரியும். எழுத்துரு வடிவமைப்பவருக்கு அது பெரும் வசதி. ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் நிறத்தின் நேர்மைக்கும் தொடர்பில்லை. பளபளப்பான மேற்பரப்பு ஜன்னலையும் சட்டையையும் பிரதிபலிக்கும் என்பதால் மங்கலான மேற்பரப்பையே தேர்ந்தெடுக்கலாம். விளையாட்டுக்கான புதுப்பிப்பு வேகம், பெட்டியில் ஒட்டியிருக்கும் ஹெச்டிஆர் முத்திரை ஆகிய இரண்டும் அச்சு, இணைய வடிவமைப்பாளரின் முடிவைப் பாதிக்கத் தேவையில்லை.

தொழிற்சாலை அறிக்கையும் திரையின் சீர்மையும்

வரைகலைக்கென்று விற்கப்படும் மானிட்டர்களோடு, ‘டெல்டா ஈ 2-க்குக் கீழ்’ என்று சான்று கூறும் தாள் ஒன்று வருவதுண்டு. கேட்ட நிறத்துக்கும் திரை காட்டிய நிறத்துக்கும் உள்ள தூரமே டெல்டா ஈ. ஏறத்தாழ 1 என்பது கூர்ந்த கண் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உணரத் தொடங்கும் எல்லை. இந்த எண்ணைக் கண்டவுடன் கேட்க வேண்டியவை சில உண்டு. அது சராசரியா, பெரும அளவா? சராசரி 1.5 ஆக இருந்தும் ஆழ்ந்த நீலத்தில் மட்டும் 5 வரை பிசகியிருக்கலாம். எந்த நிலையில் அளந்தார்கள்? எஸ்ஆர்ஜிபி நிலையில் அளந்த எண் பிற நிலைகளுக்குப் பொருந்தாது. எந்தக் கணக்கீட்டு முறை? 1976-இன் பழைய வாய்பாட்டுக்கும், பார்வையின் இயல்புக்கு நெருங்கிய சிஐஈடிஈ2000 வாய்பாட்டுக்கும் ஒரே நிறத்தில்கூட வேறுபட்ட எண்கள் வரும். இத்தனைக்கும் பிறகு, அந்த அளவீடு பெரும்பாலும் திரையின் நடுப்புள்ளியில், புதிய மானிட்டரில் எடுக்கப்பட்டது. அந்தத் தாள் வெறும் தொடக்கச் சான்று. பின்விளக்கு முதுமையடைய, அதன் மதிப்பு குறைந்துகொண்டே போகும்.

நடுப்புள்ளியைத் தாண்டி மூலைகளுக்குப் போகும்போதுதான் விலை குறைந்த திரையும் தொழில்முறைத் திரையும் பிரிகின்றன. ஒரே சாம்பல் நிறத்தை முழுத்திரைக்கும் விரித்தால், சில மானிட்டர்களில் இடப்புறம் இளஞ்சிவப்பும் வலப்புறம் பச்சையும் படிந்திருப்பதைக் காணலாம். மூலைகளில் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருப்பதும் உண்டு. இரு பக்கங்கள் எதிரெதிரே அமையும் இதழை வடிவமைப்பவர், இடப்பக்கத்தின் பின்னணியையும் வலப்பக்கத்தின் பின்னணியையும் ஒரே எண்ணில் அமைத்தும் அவை வேறுபட்டுத் தெரிவதைக் கண்டு, இல்லாத பிழையைத் திருத்தத் தொடங்கிவிடுவார். எந்த அளவுகருவியாலும், எந்த ப்ரொஃபைலாலும் இந்தக் குறையைப் போக்க முடியாது, ஏனெனில் ப்ரொஃபைல் திரை முழுமைக்கும் ஒன்றே. திரையின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகத் திருத்தும் ஏற்பாடு மானிட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். எய்ஸோ நிறுவனத்தின் கலர்எட்ஜ், பென்க்யூ நிறுவனத்தின் எஸ்டபிள்யூ போன்ற மானிட்டர் வரிசைகளின் விலைக்கு இந்தச் சீர்மைத் திருத்தம் ஒரு முக்கியமான காரணம். என்னைக் கேட்டால், கூடுதல் நிற வீச்சைவிடச் சீர்மைக்குப் பணம் கொடுப்பதே பெரும்பாலான பக்க வடிவமைப்பாளர்களுக்குச் சரியான முடிவு.

கலிப்ரேஷன்: செலவின் பாதி நியாயம் இதில்தான்

எவ்வளவு நல்ல மானிட்டரும் அளவுகருவி இல்லாமல் நம்பகமானதாகாது. கலரிமீட்டர் எனப்படும் சிறு கருவியைத் திரையின்மேல் தொங்கவிட்டால், மென்பொருள் ஒவ்வொரு நிறமாகக் காட்ட, கருவி அதை அளந்து, கேட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடுகிறது; இப்படி அளந்து திருத்துவதே கலிப்ரேஷன். டேட்டாகலர் நிறுவனத்தின் ஸ்பைடர் வரிசையும், எக்ஸ்-ரைட் நிறுவனத்தின் கருவிகளைத் தொடர்ந்து 2021 முதல் கேலிப்ரைட் என்ற பெயரில் வரும் வரிசையும் இதில் பரவலாகக் கிடைப்பவை. ஆர்கில்சிஎம்எஸ், அதன்மேல் இயங்கும் டிஸ்பிளேகேல் ஆகிய கட்டணமற்ற மென்பொருள்கள் இக்கருவிகள் பலவற்றோடும் வேலை செய்கின்றன. கையிருப்பு ஒரு நல்ல மானிட்டருக்கு மட்டுமே போதும் என்றால், அதற்கு ஒரு படி கீழே உள்ள மானிட்டரையும் ஒரு கலரிமீட்டரையும் சேர்த்து வாங்குங்கள். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரே கருவியை வாங்கிச் சுற்றுமுறையில் பயன்படுத்துவதும் முற்றிலும் ஏற்கத்தக்க வழியே.

திருத்தம் எங்கே நிகழ்கிறது என்பது அடுத்த கேள்வி. சாதாரண மானிட்டரில் திருத்தம் கணினியின் கிராஃபிக்ஸ் அட்டையில் நிகழ்கிறது. திரை நீலம் தூக்கலாக இருந்து, நீலத்தை 85 விழுக்காட்டுக்குக் குறைக்க நேர்ந்தால், 8 பிட் இணைப்பில் இருந்த 256 படிகளில் சுமார் 218 மட்டுமே மிஞ்சும்; வானத்தின் மென்மையான நிறமாற்றத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிய இதுவே காரணம். இதைத் தவிர்க்க, மென்பொருளை ஓடவிடும் முன் மானிட்டரின் சொந்தப் பொத்தான்களால் சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவுகளைச் சரிசெய்து, கிராஃபிக்ஸ் அட்டைக்கு மிகச் சிறிய திருத்தத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும். வன்பொருள் கலிப்ரேஷன் உள்ள மானிட்டர்களில் திருத்தம் மானிட்டருக்குள்ளேயே, 14 அல்லது 16 பிட் நுணுக்கத்தில் நிகழ்வதால் படிகள் இழக்கப்படுவதில்லை. அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று என்று இரண்டு மூன்று நிலைகளை அளந்து சேமித்து, பொத்தான் ஒன்றால் மாற்றிக்கொள்ளும் வசதியும் அவற்றில் உண்டு.

அளக்கத் தொடங்கியதும் மென்பொருள் மூன்று இலக்குகளைக் கேட்கும். முதலாவது வெளிச்சம். பெரும்பாலான மானிட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போது 250 நிட்டுக்கு (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) மேல் ஒளிர்கின்றன. அந்த வெளிச்சத்தில் திருத்திய படம் காகிதத்தில் இருண்டு வரும். அச்சு கருமையாக வந்துவிட்டது என்ற புகாரின் பின்னே பெரும்பாலும் இருப்பது இந்த அளவுமீறிய வெளிச்சம்தான். மிதமான வெளிச்சமுள்ள அறையில் அச்சுப் பணிக்கு 80 முதல் 120 நிட், இணையப் பணிக்கு 120 நிட் என்பது நல்ல தொடக்கம். இரண்டாவது வெண்மை; அது மஞ்சள் பக்கம் சாய்கிறதா, நீலப் பக்கம் சாய்கிறதா என்பதைக் கெல்வின் எண் சொல்கிறது. இணையத்துக்கும் காணொளிக்கும் டி65, அதாவது ஏறத்தாழ 6500 கெல்வின். அச்சுத் துறை காகிதத்தைப் பார்ப்பதற்கு டி50 விளக்கொளியைத் தரநிலையாக வைத்திருக்கிறது. ஆனால் திரையை அப்படியே 5000 கெல்வினுக்கு இறக்கினால் பலர் கண்ணுக்கு அது மஞ்சளாகவே படும். வெற்றுத்தாளை அதற்குரிய விளக்கின்கீழ் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு வெண்மைகளும் ஒத்துப்போகும்வரை இடைப்பட்ட ஓர் எண்ணைத் தேடுவது நடைமுறையில் சிறந்த பலன் தருகிறது. மூன்றாவது காமா, அதாவது கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட நிறங்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பது; அதை 2.2 என்று வைத்துவிட்டு மேலே செல்லலாம். மேக் கணினிகளுக்கு 1.8 என்று சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். ஆப்பிள் நிறுவனமே 2009-இல் 2.2-க்கு மாறிவிட்டது.

அளவுகருவி மானிட்டரின் பின்விளக்கு வகையை அறிந்திருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீல எல்இடியும் மஞ்சள் பாஸ்பரும் சேர்ந்த சாதாரண விளக்கு, விரிந்த வீச்சுக்கான சிவப்புப் பாஸ்பர் விளக்கு, குவாண்டம் டாட் ஆகியவற்றின் ஒளி நிறமாலைகள் வெவ்வேறானவை. கலரிமீட்டரின் வடிகட்டிகள் மனிதக் கண்ணை முழுமையாக ஒத்தவை அல்ல என்பதால், மென்பொருளில் தவறான விளக்கு வகையைத் தேர்ந்தால் வெண்மையே பிசகிவிடும். வாங்கும்போதே மாதிரியின் பின்விளக்கு வகையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வேறு மானிட்டர்களை ஒரே கருவியால் ஒரே இலக்குக்கு அளந்தும், பக்கத்தில் வைத்தால் ஒன்று சற்றே இளஞ்சிவப்பாகத் தெரிவதுண்டு. கருவியில் பழுது இருக்க வேண்டிய அவசியமில்லை. நிற அளவீட்டின் அடித்தளமான 1931-ஆம் ஆண்டின் ‘தரப் பார்வையாளர்’, இங்கிலாந்தில் ரைட் என்ற ஆய்வாளர் 10 பேரிடமும் கில்ட் என்ற ஆய்வாளர் 7 பேரிடமும் நடத்திய சோதனைகளிலிருந்து கணக்கிட்டுப் பெறப்பட்ட சராசரிக் கண். நம் கண்கள் அந்தச் சராசரியிலிருந்து சிறிது விலகியே இருக்கின்றன. கூர்முனைகள் கொண்ட நிறமாலையை உடைய விரிந்த வீச்சுத் திரைகளில் அந்த விலகல் வெளிப்படையாகிறது. ஆகவே இரு திரைகளில் வேலை செய்ய விரும்புபவர் ஒரே மாதிரியில் இரண்டை வாங்க வேண்டும். முடியாவிட்டால், ஒன்றை மட்டும் நிறத்துக்கும் மற்றதைக் கருவிப்பட்டைகளுக்கும் என்று ஒதுக்கிவிட வேண்டும்.

அறை

நம் ஊர்ப் பணியறைகளில் இளஞ்சிவப்பு, கிளிப்பச்சைச் சுவர்களும், கூரையில் 6500 கெல்வின் எல்இடி விளக்கும், பக்கத்தில் திறந்த ஜன்னலும் இருப்பது வழக்கம். சுவரின் நிறம் திரையிலும் கண்ணிலும் படிகிறது; மாலைச் சூரியன் சாயும்போது கண் அதற்குப் பழகி, திரை நீலமாகத் தோன்றத் தொடங்குகிறது. மானிட்டருக்குப் பின்னுள்ள சுவருக்காவது வெளிர்சாம்பல் அல்லது மங்கிய வெள்ளை பூசுவதும், ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை இடுவதும், திரையின்மேல் நேராக விழாதபடி விளக்கை நகர்த்துவதும் செலவு குறைந்த, பலன் மிகுந்த மாற்றங்கள். அச்சுப்படியைப் பார்க்கத் தனியாக ஒரு விளக்கு வேண்டும். 5000 கெல்வினும், நிறம் காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90-க்கு மேலும் உள்ளதாக அது இருக்கட்டும். 95 கிடைத்தால் இன்னும் நல்லது. கருப்பு அட்டையை வெட்டி மானிட்டரின் மேலும் இருபுறமும் மறைப்பு அமைத்துக்கொள்வதும் விலைக்கு விற்கும் மறைப்பின் வேலையையே செய்யும்.

வாங்கிய வாரத்தில் செய்ய வேண்டியவை

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதனைகளை முடித்துவிட வேண்டும். முதலில் மானிட்டரிலும் கணினியிலும் உள்ள தானியங்கி வசதிகளை அணைத்துவிடுங்கள். அறை ஒளிக்கேற்ப வெளிச்சத்தை மாற்றுவது, காண்ட்ராஸ்டைத் தானே கூட்டுவது, இரவில் மஞ்சளாக்குவது ஆகிய எதுவும் இயங்கக் கூடாது. ஹெச்டிஎம்ஐ வழியாக இணைத்திருந்தால், கிராஃபிக்ஸ் அமைப்பில் ஆர்ஜிபி முழு வீச்சில் அனுப்பப்படுகிறதா என்று பாருங்கள். தொலைக்காட்சிக்குரிய 16 முதல் 235 வரையான குறுகிய வீச்சில் இருந்தால் கருமை சாம்பலாக வெளிறியிருக்கும், அதைப் பேனலின் குறை என்று எண்ணிவிட இடமுண்டு. இயன்றவரை டிஸ்பிளேபோர்ட் இணைப்பையே பயன்படுத்துங்கள்.

பிறகு அரை மணி நேரம் திரையை எரியவிட்டு, கருமையிலிருந்து வெண்மைக்குச் செல்லும் நிறமாற்றம் ஒன்றை முழுத்திரைக்கும் விரித்துப் பாருங்கள். இடையில் எங்கும் இளஞ்சிவப்போ பச்சையோ எட்டிப் பார்க்கக் கூடாது. படிக்கட்டுபோல் கோடுகள் தெரியக் கூடாது. 0 முதல் 255 வரையான அளவில் 0 முதல் 20 வரையுள்ள இருண்ட கட்டங்களை வரைந்து, 5-க்கு அருகிலிருந்தாவது அவை பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். 50 விழுக்காட்டுச் சாம்பலை நிரப்பி மூலைகளை ஒப்பிடுங்கள். கையில் கலரிமீட்டர் இருந்தால் ஒன்பது புள்ளிகளில் அளந்து எழுதிவையுங்கள். இருட்டறையில் கருப்புத் திரையைப் பார்க்கும்போது விளிம்புகளில் ஒளி கசிவது சிறிதளவு எல்லா ஐபிஎஸ் திரைகளிலும் இருக்கும். ஆனால் ஒரு மூலை மட்டும் மஞ்சளாக ஒளிர்ந்தால், தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

கலிப்ரேஷன் முடிந்ததும் உருவாகும் ப்ரொஃபைல் இயங்குதளத்தில் அந்த மானிட்டருக்குரியதாகப் பதிவாகியிருக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பிலோ பிற மென்பொருளிலோ அதையே வேலை செய்யும் நிறவெளியாக வைத்துவிடக் கூடாது. அங்கே எஸ்ஆர்ஜிபியோ அடோபி ஆர்ஜிபியோதான் இருக்க வேண்டும். மானிட்டரின் ப்ரொஃபைலைப் படங்களுக்குள் பதித்து அனுப்புவதும் தவறு, ஏனெனில் அது உங்கள் மேசையில் உள்ள ஒரே ஒரு திரையின் குணத்தைச் சொல்லும் கோப்பு. அச்சுப் பணிக்கு, அச்சகத்தாரிடம் அவர்கள் இயந்திரத்துக்கும் தாளுக்கும் உரிய ப்ரொஃபைலைக் கேட்டு வாங்கி, அதை மென்பொருளின் ப்ரூஃப் அமைப்பில் (அச்சில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டும் வசதி) ஏற்றிப் பாருங்கள். அவர்களிடம் தனியாக எதுவும் இல்லையென்றால், பூச்சுத்தாளுக்குப் பொதுவாக வழங்கும் ஃபோக்ரா39 ப்ரொஃபைலைக் கொண்டு தொடங்கலாம். முன்பு அச்சான ஒரு வேலையின் கோப்பைத் திறந்து, அதன் அச்சுப்படியை 5000 கெல்வின் விளக்கின்கீழ் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைவிட நல்ல சோதனை இல்லை. முழுவதும் இருண்டோ வெளிறியோ தெரிந்தால் திரையின் வெளிச்சத்தை மாற்றுங்கள். வெண்மையில் மட்டும் வேறுபாடு தெரிந்தால் வெண்மை இலக்கை மாற்றுங்கள். ஒரு நிறத்தில் மட்டும் வேறுபாடு தெரிந்தால் அச்சகத்தாரிடம் பேசுங்கள்.

பின்விளக்கு நாளடைவில் மங்கி நிறம் மாறுவதால், மாதத்துக்கு ஒரு முறையும் பெரிய அச்சு வேலையைத் தொடங்கும் முன்னும் மீண்டும் அளப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் மென்பொருள் தரும் வெளிச்ச அளவையும் சராசரி, பெரும டெல்டா ஈ எண்களையும் தேதியோடு குறித்துவையுங்கள். வெளிச்சத்தை முழுவதும் கூட்டியும் 100 நிட் எட்டவில்லை என்றோ, அளந்த பிறகும் பெரும டெல்டா ஈ 5-ஐத் தாண்டியே நிற்கிறது என்றோ அந்தக் குறிப்பேடு காட்டும்போது, அந்த மானிட்டரை மின்னஞ்சலுக்கும் கோப்புறைகளுக்கும் ஒதுக்கிவிட்டு, நிறத்துக்கு அடுத்த மானிட்டரைத் தேடத் தொடங்கலாம்.